நாட்டு ரகசியமும் பத்திரிகைச் சுதந்திரமும்: எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது?



"நாட்டுப் பாதுகாப்பு ரகசியத்தைப் பத்திரிகை வெளியிட்டுவிட்டது" என்று சில நேரம் டிவி செய்தியில் கேட்கிறோம். அது பெரிய இடத்து விவகாரம், நமக்கெதுக்கு என்று சேனலை மாற்றிவிடுகிறோம். ஆனால் அரசு எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்ற கேள்வி நம்ம ஊர் ரேஷன் கடை வரைக்கும் வந்து நிற்கிறது. அதனால் இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

நம்ம குழுவையே எடுத்துக்கொள்வோம்

கூட்டத்தில் வசூலான பணம் வங்கியில் கட்டும் வரை யார் வீட்டில் இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்வோமா? மாட்டோம். சொன்னால் திருட்டுப் போகும். அது தேவையான ரகசியம். அதே சமயம், "கணக்கு நோட்டைக் காட்ட முடியாது, அது குழுவோட பாதுகாப்பு" என்று ஊக்குநர் சொன்னால் ஒத்துக்கொள்வோமா? ஒருநாளும் மாட்டோம். பணம் இருக்கிற இடம் வேறு, பணத்தோட கணக்கு வேறு. நாட்டு விஷயத்திலும் இதே வித்தியாசம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெள்ளைக்காரன் ஆட்சியில் 1923ல் அரசு ரகசியங்கள் சட்டம் வந்தது. இன்றைக்கும் அது இருக்கிறது. ரகசியக் காகிதத்தைக் கொடுத்தவர் மட்டுமல்ல, தெரிந்தே வாங்கியவரும் குற்றவாளி. ஆனால் எது ரகசியம் என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு பேச்சுரிமை, கருத்துரிமை தருகிறது. பத்திரிகைச் சுதந்திரம் இதில் அடக்கம். நாட்டின் பாதுகாப்புக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

மறைக்க வேண்டியது: மும்பை, 2008

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தீவிரவாதிகள் தாக்கினார்கள். 160க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீரர்கள் எங்கே இறங்குகிறார்கள், எப்படி உள்ளே போகிறார்கள் என்று டிவிக்காரர்கள் நேரடியாகக் காட்டினார்கள். அதைப் பாகிஸ்தானில் இருந்து பார்த்தவர்கள், உள்ளே இருந்த தீவிரவாதிகளுக்கு போனில் வழி சொன்னார்கள். 2012ல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையை நேரடியாக ஒளிபரப்பக் கூடாது என்று 2015ல் விதியும் வந்தது. இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மறைக்க முடியாதது: ரஃபேல், 2019

பிரான்சிடம் 36 ரஃபேல் போர் விமானங்கள் வாங்க 2016ல் ஒப்பந்தம் ஆனது. பேரம் நடந்த விதத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளேயே ஆட்சேபம் இருந்ததைக் காட்டும் காகிதங்களை, 2019 பிப்ரவரியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'தி இந்து' ஆங்கில நாளிதழ் வெளியிட்டது. "இவை ரகசியக் காகிதங்கள், அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டவை, நீதிமன்றம் பார்க்கவே கூடாது" என்று மத்திய அரசு வாதாடியது. 2019 ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வாதத்தை நிராகரித்தார்கள். பத்திரிகைச் சுதந்திரத்தையும் சுட்டிக்காட்டினார்கள்.

பிறகு காகிதங்களைப் பார்த்து, விசாரணை கேட்ட மனுக்களை அதே நீதிமன்றம் 2019 நவம்பரில் தள்ளுபடி செய்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தப்பு நடந்ததா இல்லையா என்பது காகிதத்தைப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய தீர்ப்பு. பார்க்கவே கூடாது என்று வாயை அடைப்பது வேறு.

கூலிக் கணக்கும் ரகசியமா?

'ரகசியம்' என்ற வார்த்தையை விட்டுவைத்தால் அது எங்கெல்லாம் போகும் என்பதற்கு ராஜஸ்தான் ஒரு பாடம். அங்கே 1990களில் அரசு வேலை செய்த கிராமத்து ஆண்களும் பெண்களும், கூலி குறைவதால் வருகைப் பதிவேட்டைக் கேட்டார்கள். அதிகாரிகள் அதே 1923 ரகசியச் சட்டத்தைக் காட்டி மறுத்தார்கள். மண்வெட்டி பிடித்தவர் பெயரை எழுதிய நோட்டில் என்ன ராணுவ ரகசியம்? 1996ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். பத்திரிகைகள் எழுதின, நாடே பேசியது. இது போன்ற போராட்டங்களின் பலனாக 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. நாட்டுப் பாதுகாப்பைக் கெடுக்கும் தகவலைத் தர வேண்டியதில்லை என்கிறது அந்தச் சட்டம். ஆனால் கெடுதலைவிடப் பொதுநன்மை பெரிதாக இருந்தால் தரலாம் என்றும், அதற்கு 1923 சட்டம் தடையில்லை என்றும் சொல்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

1. ஒரு பத்திரிகையை 'தேசத் துரோகி' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். இது வெளியே வந்தால் எதிரிக்கு லாபமா, இல்லை தப்புப் பண்ணினவருக்கு நஷ்டமா என்று கேட்டுப் பார்ப்போம்.

2. உயிருக்கு ஆபத்தான தகவலை, படத்தை நாமும் செல்போனில் பரப்ப வேண்டாம்.

3. ரேஷன் இருப்பு, சாலைச் செலவு போன்ற கணக்கை "ரகசியம்" என்று மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்தோடு எழுத்து மூலம் மனு கொடுப்போம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, நம்ம ஊரில் எந்தக் கணக்கு பூட்டிக் கிடக்கிறது என்று பேசுங்கள். பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கணக்குக் கேட்பது நாட்டுக்கு விரோதம் இல்லை. நாடு நம்முடையது என்பதால்தான் கேட்கிறோம்!