கிளம்பாத வண்டியும் உள்ளே நிற்கும் ஜாகாவும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். சேமித்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கிக் குடும்பத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கார் அவசர வேளையில் கிளம்ப மறுத்தால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு காலத்தில் கம்பியரும் மிளகும் விளைந்த தோட்டக்காடு அது; இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரம். மறுநாள் காலை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சாவியைத் திருப்பினால் வண்டியில் சத்தமே இல்லை. அவசரமாக அழைத்த ஒருவர் வந்து, "பேட்டரி போய்விட்டது" என்று புதியதை மாட்டிப் பணம் வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகும் வண்டி அசையவில்லை.

பக்கத்தில் தன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். முன்பு தோட்டத்தில் லாரி ஓட்டியவராம். "தம்பி, வண்டிக்கு நோய் ஒன்றும் இல்லை. உள்ளே நிற்கும் ஜாகாதான் விடமாட்டேன் என்கிறான்" என்றார். அவர் காட்டிய இடத்தில், சாவியைத் திருப்பிய பிறகும் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

அந்த ஜாகா யார்? திருட்டைத் தடுக்க, கடையில் தனியாக வாங்கிப் பொருத்தும் அலாரக் கருவிதான். 1912இல் கெடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகு, கையால் சுற்றிக் கிளப்பும் தொல்லை மெல்ல மறைந்தது. வண்டியைக் கிளப்புவது எளிதானது, திருடனுக்கும் அப்படியே. ஐரோப்பாவில் 1998 முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 முதலும் புதிய கார்களில் திருட்டுத் தடுப்புப் பூட்டு கட்டாயமாயிற்று. அத்தகைய பூட்டு இல்லாத வண்டிகளுக்குக் கடைகளில் அலாரம் பொருத்தினார்கள்.

இக்கருவி வேலை செய்யும் விதம் எளிது. ஸ்டார்ட்டருக்குப் போகும் கம்பி, தீப்பொறிக்குப் போகும் கம்பி, பெட்ரோல் பம்புக்குப் போகும் கம்பி ஆகியவற்றுள் ஒன்றையோ இரண்டையோ நடுவில் வெட்டி, அங்கே ரிலே என்னும் சிறு மின்கதவை வைப்பார்கள். ரிமோட்டின் சைகை வந்தால் கதவு திறக்கும். வராவிட்டால் மூடியே இருக்கும். சொந்தக்காரரே சாவியோடு வந்தாலும், அடையாளம் தெரியாத ஜாகா கேட்டைத் திறப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

ஆகவே வண்டி கிளம்பாதபோது, முதலில் கண்ணையும் காதையும் பயன்படுத்துங்கள். விளக்கு மங்கி, 'டக் டக்' என்ற ஒலி மட்டும் வந்தால், பெரும்பாலும் பேட்டரி பலவீனம். விளக்கும் ஹாரனும் நன்றாக இருந்து, ஸ்டார்ட்டர் மட்டும் ஊமையாக இருந்தால், கியர் சரியான நிலையில் உள்ளதா என்று பாருங்கள். பிறகு அலாரத்தைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காவிட்டால், பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெட்ரோலோ தீப்பொறியோ தடைபட்டிருக்கலாம். இவற்றோடு சிவப்பு விளக்கும் அணையாமல் மினுக்கினால் சந்தேகம் உறுதிப்படும்.

அப்போது செய்ய வேண்டியவை இவை. எல்லாக் கதவுகளையும் சாத்தி, வண்டியின் அருகில் நின்று ரிமோட்டால் ஒருமுறை பூட்டித் திறங்கள். பயனில்லையேல் மற்றொரு ரிமோட்டை எடுங்கள். அல்லது அதனுள் இருக்கும் சிறு பேட்டரியை மாற்றுங்கள். அதுவும் உதவாவிட்டால், பல கருவிகளில் டாஷ்போர்டின் அடியில் ஒரு மறைவுப் பொத்தான் இருக்கும். சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, குறிப்பேட்டில் சொன்ன முறைப்படி அதை அழுத்தினால் தடை நீங்கும்.

கம்பிகளை மட்டும் கண்டபடி வெட்டாதீர்கள். தவறான கம்பியைத் தொட்டால் ஃபியூஸ் எரியும், தீப்பிடிக்கவும் கூடும். ஆட்டோ கியர் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முயல்வதும் வீண். ஆண்டுகள் பல ஆகி, ரிலேயும் கம்பி இணைப்பும் பழுதாகியிருந்தால், தேர்ந்த எலெக்ட்ரீசியனிடம் கொடுத்து, கருவியை நீக்கிப் பழைய கம்பிகளை முறையாக இணைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் தம்பியின் ரிமோட் முதல் நாளே செத்திருந்தது. சாவியால் கதவைத் திறந்திருக்கிறார். சத்தம் போடும் சைரன் பழுதாகி நெடுநாள் ஆனதால் அதுவும் எச்சரிக்கவில்லை. குறிப்பேடோ, முன்பு வண்டி வைத்திருந்தவர் போட்ட இடத்திலேயே, காரின் முன் அறையில் பிரிக்கப்படாமல் கிடந்தது. அதைப் படித்துப் பொத்தானை அழுத்தியதும் வண்டி கிளம்பிவிட்டது. அம்மாவை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பேட்டரிக்குக் கொடுத்த பணமும் வீண்.

பழைய வண்டி வாங்கும் நேயர்களே, விலை பேசும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அலாரம் பொருத்தியிருக்கிறதா? இரண்டு ரிமோட்டும் குறிப்பேடும் உண்டா? மறைவுப் பொத்தான் எங்கே? பதிலை எழுதி வீட்டில் வையுங்கள். வண்டிக்குள் வைத்தால் திருடனுக்கும் பயன்படும். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.