வீட்டில் பழச்சாறு எடுக்கும் கருவிகளும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும்

பழங்கள், காய்கள், கீரைகள் ஆகியவற்றிலிருந்து சாறு எடுக்கவோ அவற்றை முழுமையாக அரைத்துக் கூழ்பானமாக்கவோ வீட்டில் பயன்படும் கருவிகள் பல வகைப்படும். கையால் திருகும் எலுமிச்சை பிழிவான், மிக்சி, பிளெண்டர், மையவிலக்கு ஜூஸர், மெதுவாகப் பிழியும் 'கோல்டு பிரஸ்' ஜூஸர் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. விலை சில நூறு ரூபாயில் தொடங்கி இருபதாயிரத்தைத் தாண்டியும் செல்கிறது. ஆனால் விலை கூடக் கூடப் பயனும் கூடும் என்று கொள்வதற்கில்லை. ஒரு வகைப் பழத்துக்குச் சிறந்த கருவி வேறொரு பழத்துக்குச் சிறிதும் உதவாமல் போகலாம்.

சாறும் ஸ்மூத்தியும்

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் தெளிவாக வேண்டியது சாறுக்கும் ஸ்மூத்திக்கும் உள்ள வேறுபாடு. சாறு என்பது பழத்தின் நீர்ப்பகுதி மட்டும், சக்கை வெளியேற்றப்படுகிறது. ஸ்மூத்தி என்பது பழம் முழுவதையும் பால், தயிர் அல்லது நீருடன் சேர்த்து அரைத்த கெட்டியான பானம். இதில் நார்ச்சத்து பழத்தோடு தங்கிவிடுகிறது. முதலாவதற்குப் பிரிக்கும் கருவி வேண்டும். இரண்டாவதற்கு அரைக்கும் கருவி போதும். ஜூஸரில் ஸ்மூத்தி செய்ய இயலாது. பிளெண்டரில் அரைத்ததை வடிகட்டினால் சாறு கிடைக்கும். கடையில் இவ்விரு பெயர்களையும் ஒரே பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

மிக்சியும் பிளெண்டரும்

பானங்களைக் கலக்கும் பிளெண்டருக்கான காப்புரிமைக்கு அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி 1922-இல் விண்ணப்பித்தார். ஜாடியின் அடியில் சுழலும் கத்தியை வைத்தது அவருடைய முக்கியமான மாற்றம். மேலை நாட்டுக் கருவிகள் மென்மையான பொருள்களுக்காகச் செய்யப்பட்டவை. ஊறவைத்த அரிசி, உளுந்து, காய்ந்த மஞ்சள் போன்றவற்றை அரைக்கும்போது அவற்றின் மோட்டார்கள் தாக்குப்பிடிக்கவில்லை. இந்தியச் சமையலுக்கு ஏற்ற வலுவான மிக்சியை 1960-களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் வடிவமைத்தார். 'சுமீத்' என்ற பெயரில் வந்த அந்த மிக்சியைப் பழைய தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

இதனால் தமிழ்நாட்டு வீடுகளில் ஸ்மூத்திக்கென்று தனிப் பிளெண்டர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தேங்காய்ச் சட்னி அரைக்கும் 500 முதல் 750 வாட் மிக்சிக்கு மாம்பழமும் வாழைப்பழமும் சப்போட்டாவும் ஒரு சுமையே அல்ல. கவனிக்க வேண்டியவை சிலவே. ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பெரிய பனிக்கட்டிகளையும் கல்லாக உறைந்த பழத்தையும் அப்படியே போடக் கூடாது. போட்டால் ஜாரின் அடியில் உள்ள கப்ளர் தேய்ந்தோ உடைந்தோ போகும். மோட்டார் திடீரென நின்றுவிட்டால் பழுது என்று அஞ்ச வேண்டியதில்லை. பல மிக்சிகளின் அடியில் உள்ள சிறு சிவப்புப் பொத்தான் அதிகச் சுமையின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும். சற்று ஆறவிட்டு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும்.

பல மிக்சிகளுடன் ஜூஸர் ஜாரும் வருகிறது. அதன் நடுவில் உள்ள வலை உருளைக்குள் பழத்துண்டுகளையும் நீரையும் இட்டு ஓட்டினால் சாறு வலைக்கு வெளியே வந்து சேரும். கேரட், பீட்ரூட், நெல்லிக்காய் ஆகியவற்றுக்கு இது போதுமானது. நீர் சேர்ப்பதால் சாறு சற்று நீர்த்திருக்கும், அவ்வளவுதான். வலை இல்லாத வீட்டில் மெல்லிய பருத்தித் துணி அதே வேலையைச் செய்யும்.

எலுமிச்சை பிழிவான்

எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு ஆகியவற்றுக்கு மிக்சி பொருந்தாது. இவற்றின் விதையிலும் வெள்ளைத் தோலிலும் கசப்புப் பொருள்கள் உள்ளன. கத்தி அவற்றை வெட்டியதும் சாறு கசக்கத் தொடங்கும். வரிவரியான கூம்பின் மேல் பாதிப் பழத்தைக் கவிழ்த்துத் திருகும் பிழிவானில் விதையும் தோலும் உடைவதில்லை. கையால் திருகுவது, நெம்புகோலால் அழுத்துவது, சிறு மோட்டாரால் சுழல்வது என இதில் மூன்று வகை உண்டு. மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கு மோட்டார் வகை உதவும். மற்றவர்களுக்குக் கைப்பிழிவானே நிறைவானது.

மையவிலக்கு ஜூஸர்

இதில் பல்போன்ற கூர்முனைகள் கொண்ட தட்டு காயைத் துருவுகிறது. துருவல் வேகமாகச் சுழலும் சல்லடைக் கூடையின் சுவரில் வீசப்படுகிறது. சாறு துளைகள் வழியே வெளியேற, சக்கை உள்ளே தங்குகிறது அல்லது வேறு பாத்திரத்தில் விழுகிறது. துணி துவைக்கும் இயந்திரம் ஈரத்தை நீக்குவதும் இதே முறையில்தான். இந்த விசை எவ்வளவு என்பதை மாணவர்கள் தாமே கணக்கிடலாம். கூடையின் ஆரம் 6 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 10,000 சுற்று எனில், சுவரில் உள்ள துருவல் உணரும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 6,700 மடங்கு.

ஆப்பிள், கேரட் போன்ற கெட்டியானவற்றுக்கு இது விரைவான கருவி. ஒரு குவளைச் சாறு ஓரிரு நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் காற்று கலப்பதால் நுரை மிகுதி, சத்தமும் மிகுதி. புதினா, கீரை, அருகம்புல் போன்றவற்றில் சாறு மிகக் குறைவாகவே வரும். இலைகள் துண்டாகிப் பெரும்பாலும் சக்கையோடு போய்விடும்.

கோல்டு பிரஸ் ஜூஸர்

இதன் இயக்கத்துக்கு நம்மூர்ச் செக்கு நல்ல உவமை. மெதுவாகச் சுழலும் திருகு உருளை பழத்தைச் சல்லடைமேல் நசுக்கிக்கொண்டே செல்கிறது. வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 40 முதல் 100 சுற்று. மோட்டார் 150 முதல் 250 வாட் அளவிலேயே இருப்பதைக் கண்டு 'மிக்சியைவிடச் சக்தி குறைவு' என எண்ணுவது தவறு. பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்குகின்றன. கீரையிலும் புல்லிலும் மாதுளையிலும் இது மற்றக் கருவிகளை எளிதில் வெல்கிறது. சக்கை கிட்டத்தட்ட உலர்ந்தே வெளிவருகிறது.

விளம்பரங்கள் சொல்வது வேறு. வேகமான ஜூஸரின் சூடு சத்துகளை அழித்துவிடும் என்கின்றன. ஓரிரு நிமிட ஓட்டத்தில் சாற்றின் வெப்பம் சமையலுக்கு அருகில்கூட வருவதில்லை. நொதிகள் காக்கப்படும் என்பதும் பெரிய ஆதாயமன்று. மற்றப் புரதங்களைப் போலவே அவையும் வயிற்றில் செரிக்கப்படுகின்றன. வெட்டிய ஆப்பிளைப் பழுப்பாக்குவதும் ஒரு நொதியே. வைட்டமின் சி காற்றுபட்டு நேரம் செல்லச் செல்லக் குறைவது உண்மை. ஆகவே எந்தக் கருவியில் பிழிந்தாலும் உடனே குடிப்பதே சரியான வழி.

விலையுயர்ந்த கருவிக்கு ஓர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் விற்கப்பட்ட 'ஜூஸெரோ'. இணைய இணைப்புடன் 699 டாலருக்கு அறிமுகமான அது, நறுக்கிய பழம் அடைத்த பைகளை அழுத்திச் சாறு எடுத்தது. அந்தப் பைகளைக் கையாலேயே பிழிந்துவிடலாம் என்று 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது.

எந்தப் பழத்துக்கு எந்தக் கருவி

வாழை, பப்பாளி, மாம்பழம், சப்போட்டா, பட்டர் ஃப்ரூட் ஆகியவற்றை எந்த ஜூஸரிலும் இடக் கூடாது, சல்லடை அடைத்துக்கொள்ளும். இவை மிக்சிக்கு உரியவை. மாதுளையை மிக்சியில் தொடர்ந்து ஓட்டினால் விதை அரைபட்டுத் துவர்க்கும். குமிழை இடப்புறம் திருப்பி இரண்டிரண்டு நொடியாக விட்டுவிட்டு ஓட்டி வடிகட்டினால் விதை உடையாது. தர்ப்பூசணிக்குக் கத்தியும் வடிகட்டியுமே போதும். கரும்புக்கு உருளை இயந்திரம் வேண்டும். வீட்டு ஜூஸரில் கரும்பை இடுவது கருவியைக் கெடுப்பதாகும்.

உடல்நலம் சார்ந்த எச்சரிக்கை

சாறு எடுக்கும்போது நார் நீங்கிச் சர்க்கரை தங்குகிறது. 100 மில்லிலிட்டர் ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை உண்டு. பழச்சாற்றின் இயற்கைச் சர்க்கரையையும் உலகச் சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது. 2015-இல் அது வெளியிட்ட வழிகாட்டி இவ்வகைச் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு ஜூஸரைப் பரிசளிப்பதைவிடப் பழத்தை நறுக்கிக் கொடுப்பது நல்லது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் பொட்டாசியம் மிகுந்த சாறுகளை மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

சுரைக்காய்ச் சாறு தனியே குறிப்பிடத்தக்கது. சில சுரைக்காய்களில் குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப் பொருள் மிகுந்துவிடும். அதன் அடையாளம் கசப்பு. கசந்த சாற்றைக் குடித்து வாந்தி, இரத்த வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்பட்ட நிகழ்வுகளும் இறப்புகளும் இந்தியாவில் பதிவாகியுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு, கசக்கும் சாற்றைக் குடிக்கக் கூடாது என அறிவுறுத்தியது. பிழிவதற்கு முன் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் உமிழ்ந்துவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். 'மருந்து கசக்கத்தான் செய்யும்' என்ற எண்ணம் இங்கே உயிருக்கே ஆபத்து.

வாங்கும்போது

கடைக்காரர் வாட்டைப் பற்றியே பேசுவார். மின்கட்டணம் இதில் பொருட்டே அல்ல: 750 வாட் கருவி மூன்று நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட ஆகாது. பெரிதாகப் பார்க்க வேண்டியது கழுவும் வேலை. கோல்டு பிரஸ் கருவியில் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு உறுப்புகளைக் கழற்றித் தூரிகையால் தேய்க்க வேண்டும். அரை மணி விட்டுவிட்டால் சல்லடைத் துளைகளில் நார் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஆட்களை அனுப்பும் வீட்டில் அந்த வேலையை யார் செய்வது என்று முன்பே பேசிக்கொள்வது நல்லது. பரணுக்குச் சென்ற ஜூஸர்களில் பல கெட்டுப்போனவை அல்ல, கழுவ ஆளில்லாதவை.

முடிந்தால் கடையிலேயே சல்லடையைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். சல்லடையும் ரப்பர் வளையமும் தனியே கிடைக்குமா, பழுது பார்க்கும் இடம் ஊரில் உண்டா எனக் கேட்க வேண்டும். மிக்சி உள்ள வீட்டில் ஒரு கைப்பிழிவானையும் நல்ல வடிகட்டியையும் மட்டும் வாங்கி, தினமும் சாறு பிழியும் பழக்கம் இரண்டு மூன்று மாதம் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகே கோல்டு பிரஸ் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.