சிவப்பு மறையும், அடைப்பு போகாது

கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது என்று மருந்துக் கடையில் கேட்டால், சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து எளிதாகக் கைக்கு வந்துவிடும். அதிலுள்ள நாஃபசோலின் போன்ற மருந்து வெண்விழியின் ரத்த நாளங்களைச் சுருக்கும். சிவப்பு சீக்கிரம் மங்கும். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும் நீர்வடிதலோ நாளத்தில் இல்லை, வடிகாலில் இருக்கிறது. இமைகளின் மூக்கோர முனையில் மேலும் கீழும் ஊசிமுனை அளவு துளைகள் உண்டு. அவற்றில் நுழையும் கண்ணீர் ஒரு சிறு பையில் சேர்ந்து, எலும்புக்குள் ஓடும் குழாய் வழியே மூக்கில் இறங்குகிறது. கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பது இதனால்தான். குழாய் தூர்ந்துவிட்டால், மடை அடைத்த கண்மாய் போலக் கண்ணில் நீர் தளும்பும்.

மூக்கடைப்புக்கு இதே வகை மருந்து வழிவிடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சளியால் வீங்கிய சவ்வு மருந்துக்குச் சற்றே வாடும். ஆண்டுக்கணக்கில் அழற்சி கண்டு தழும்பேறிய குழாய் வாடாது. கண்ணில் தொடர்ந்து ஊற்றிவிட்டு நிறுத்தினால் சிவப்பு முன்னிலும் அதிகமாகத் திரும்பலாம். கைக்குழந்தைக்கு இந்த மருந்து கூடவே கூடாது; வயிற்றுக்குள் போனால் மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வரலாம். தாய்ப்பால் விடுவதும் வேண்டாம். பிறவி அடைப்பு பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். டாக்டர் காட்டித் தந்தபடி மூக்கோரத்தை விரலால் கீழ்நோக்கி நீவி வந்தால் போதும்.

கொடும்பாளூர் போன்ற விவசாய ஊரில் அடைப்புக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. கண்ணின் உள்மூலையை அழுத்தினால் துளை வழியே சீழ் பிதுங்குகிறது என்றால், பையில் கிருமி குடியிருக்கிறது. கதிரடிக்கும்போது நெல் உமி கருவிழியைக் கீறினாலே போதும், அது புண்ணாகிப் பார்வையைப் பறித்துவிடும். கண்புரைக்கு அறுவை செய்யும் முன்பும் டாக்டர்கள் இந்தப் பையைத்தான் சோதிக்கிறார்கள். சீழ் இருந்தால் புரை அறுவை தள்ளிப்போகும். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுமே என்ற தயக்கம் உண்மையானது. ஆனால் மாதாமாதம் வாங்கும் சொட்டு மருந்தும் காசுதான், அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும். வடக்கே திருச்சியில் 1934-இல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை, தெற்கே மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த் என இரு பக்கமும் கண் மருத்துவமனை உண்டு. பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி திறக்கும் அறுவையை 1904-இலேயே இத்தாலிய மருத்துவர் டோட்டி விவரித்துவிட்டார். இன்று பத்தில் ஒன்பது பேருக்கு அது பலன் தருகிறது. அதற்கு முன் செய்யும் சோதனை சில நிமிட வேலை. மழுங்கிய ஊசியால் கீழ்த்துளையில் உப்புநீர் செலுத்துவார்கள். தொண்டையில் கரித்தால் வழி திறந்திருக்கிறது. மேல்துளை வழியே திரும்பி வந்தால் அடைப்பு.