குதிரைக்குப் போட்ட சாலை

எண்பது கிலோ எடையை 1,800 மீட்டர் உயரம் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? கணக்குப் போட்டால் 0.4 யூனிட் மின்சாரம்தான் வருகிறது. வீட்டு மின்விசிறி ஐந்து மணி நேரம் சுற்ற ஆகிற செலவு. ஆனால் அந்த எண்பது கிலோ ஒரு சைக்கிளும் அதை மிதிக்கிற மனிதருமாக இருந்து, அந்த உயரம் ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏறும் உயரமாக இருந்தால், அதே 0.4 யூனிட்டைக் கொடுத்து முடிக்க உடம்புக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகிறது. மூச்சு இரைக்கிறது, தொடை எரிகிறது, வியர்வை கண்ணில் இறங்குகிறது.

ஸ்டெல்வியோ இத்தாலியின் வடக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 2,757 மீட்டர். ஆல்ப்ஸில் தார் போட்ட கணவாய்ச் சாலைகளில் பிரான்ஸின் இஸெரானுக்கு அடுத்தபடி இதுதான் உயரமானது. பிராட்டோ என்ற ஊரிலிருந்து 24 கிலோமீட்டர் ஏற வேண்டும். வழியில் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே 48-இல் தொடங்கி, உச்சியை ஒட்டி 1-இல் முடியும். இடப்பக்கம் 3,905 மீட்டர் உயர ஓர்ட்லர் சிகரம் பனியோடு நிற்கும். இன்று உலகெங்கிலும் இருந்து சைக்கிள்காரர்கள் இந்த ஒரு சாலைக்காகவே வருகிறார்கள்.

இதைப் போட்டவர் மனதில் சைக்கிளே இல்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு மிலானை உள்ளடக்கிய லொம்பார்டிப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. மலைக்கு இந்தப் பக்கம் இருந்த டிரோலையும் அந்தப் பக்கத்து மிலானையும் இணைக்க ஒரு சாலை தேவைப்பட்டது. கார்லோ டோனேகானி என்ற பொறியாளர் 1820 முதல் 1825 வரை அதை வெட்டி முடித்தார். இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த முதல் வண்டியை ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டி, வேலை தொடங்கியபோது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் பெடல்கூடக் கிடையாது.

டோனேகானி நினைத்தது குதிரை வண்டியை. பாரம் ஏற்றிய வண்டியைச் செங்குத்தான ஏற்றத்தில் குதிரையால் நெடுநேரம் இழுக்க முடியாது. இறக்கத்திலோ பாரமே குதிரையை முன்னால் தள்ளும். ஆகவே அவர் மலையைச் சுற்றிச் சுற்றிச் சாலையின் நீளத்தைக் கூட்டி, ஏற்றத்தைத் தணித்தார். சராசரியாக நூறு மீட்டர் போனால் ஏழரை மீட்டர் உயர்வு. ஏற வேண்டிய உயரத்தில் ஒரு சாண்கூடக் குறையவில்லை. அந்த உழைப்பு நீண்ட நேரத்துக்குப் பரவிவிட்டது, அவ்வளவுதான். அந்த ஒரு முடிவுதான் இருநூறு ஆண்டுகள் கழித்து நம் கால்களுக்கும் வாய்த்திருக்கிறது. இந்த ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 175 வாட் திறன் வேண்டும். நன்றாகப் பழகிய சாதாரண மனிதரால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்க முடிகிற அளவு அது. ஏற்றம் இருமடங்காக இருந்திருந்தால் அதே உழைப்புக்கு வேகம் ஐந்தாகக் குறைந்து, வண்டி நிற்காமல் தள்ளாடும்.

சமவெளியில் சைக்கிளுக்கு எதிரி காற்று. 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் தரும் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்றைக் கிழிக்கவே போய்விடும். ஸ்டெல்வியோவில் 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் பங்கு நாற்பதில் ஒன்றுதான். மற்றது ஏறத்தாழ எல்லாம் எடையைத் தூக்கவே செலவாகிறது. மலையேற்றத்தில் மெலிந்தவர்கள் முன்னால் போவது இதனால்தான். ஒரு கிலோ குறைந்தால் இந்த ஏற்றத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும்.

கியர் உழைப்பைக் குறைக்காது, அதைச் சிறு சிறு துண்டாக்கித் தரும். இன்று மலைக்குப் போகும் சைக்கிளில் முன்னாலும் பின்னாலும் 34 பல் சக்கரம் போடலாம். பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி இரண்டு மீட்டர் நகரும், பெடலில் சராசரியாக 13 கிலோ அழுத்தினால் போதும். முன்னால் 39, பின்னால் 23 பல் என்றால் அதே வேகத்துக்கு 21 கிலோ அழுத்த வேண்டும். எட்டு கிலோதான் வித்தியாசம் என்று தோன்றலாம். ஆயிரக்கணக்கான மிதிகளுக்குப் பிறகு முழங்கால் அதைச் சொல்லும். டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1937 வரை கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவில்லை என்பதை நினைத்தால் அக்கால வீரர்கள் மேல் மலைப்பே வருகிறது.

வளைவுக்கு வருவோம். இங்கேதான் இந்தச் சாலை தன் நுட்பத்தைக் காட்டுகிறது. ஒரு கொண்டை ஊசி வளைவின் உள் ஓரம் 5 மீட்டர் ஆரம், வெளி ஓரம் 10 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்வோம். வளைவைக் கடந்தால் ஏறும் உயரம் ஒன்றரை மீட்டர். உள் ஓரமாகப் போகிறவர் அந்த உயரத்தை 16 மீட்டரில் ஏற வேண்டும்; வெளி ஓரமாகப் போகிறவருக்கு 31 மீட்டர் கிடைக்கிறது. ஒரே வளைவில் ஓரிடத்தில் ஒன்பதரை சதவீத ஏற்றம், ஓரிடத்தில் ஐந்துகூட இல்லை. இத்தாலியில் வண்டிகள் வலப்பக்கம் போகும். ஆகவே வலப்பக்க வளைவு ஒவ்வொன்றும் உள் ஓரத்தில் பிடித்து வாட்டும். இடப்பக்க வளைவில் வெளி ஓரம் கிடைத்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். இது தெரிந்தவர் வலப்பக்க வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிடுவார்.

கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் காற்றே குறைகிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான், அழுத்தம்தான் கடல் மட்டத்தை விட நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். இதே மெலிந்த காற்று வேகமாகப் போகிறவருக்கு வரமாகவும் இருக்கும். சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைக்கத் தேர்ந்தெடுத்த ஊர், 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் மெக்ஸிகோ நகரம். ஏற்றத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவருக்கு அந்த வரம் இல்லை, தட்டுப்பாடு மட்டுமே.

உச்சியைத் தொட்டால் சேர்த்த ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றே கிட்டத்தட்ட முழு பிரேக்காக இருந்து அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். பயந்து 15 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் அவ்வளவும் சூடாகி பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் போகும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைந்ததும் விட்டுவிடுவதே அனுபவசாலிகளின் முறை. ஏறும்போது உடம்பு தின்ற ஆற்றலில் முக்கால் பங்கு சூடாக வெளியேறிச் சட்டையை நனைத்திருக்கும். உச்சியில் குளிர் அடிவாரத்தை விடப் பத்து டிகிரிக்கு மேல் கூட. அந்த ஈரச் சட்டையில் இறங்குகாற்று அடித்தால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. பந்தயங்களில் உச்சியில் நிற்கும் ரசிகர்கள் செய்தித்தாளை நீட்டுவதும், வீரர்கள் அதை நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டு இறங்குவதும் பழைய வழக்கம். காகிதம் காற்றைத் தடுக்கும்.

1953 ஜூன் 1 அன்று இத்தாலியின் ஜிரோ தித்தாலியா சைக்கிள் பந்தயம் முதன்முறையாக ஸ்டெல்வியோவுக்கு வந்தது. ஒட்டுமொத்தக் கணக்கில் முந்தியிருந்த சுவிஸ் வீரர் ஹ்யூகோ கோப்லெட்டை 33 வயது இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கோப்பி இந்த வளைவுகளில் பின்தள்ளி, மறுபக்க அடிவாரத்து ஊரான போர்மியோவுக்கு முதலாவதாக இறங்கினார். ஒட்டுமொத்த வெற்றியும் அவருக்கே, 1 நிமிடம் 29 விநாடி வித்தியாசத்தில். 1965 முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பந்தயத்தின் மிக உயரமான இடத்துக்கு அவர் பெயரே சூட்டப்படுகிறது. மலைச்சாலைக்கும் மனிதக் காலுக்கும் உள்ள உறவை அவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு நாள் ஜிரோவின் வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குளிர்காலம் முழுவதும் இந்தச் சாலை பனியால் மூடிக்கிடக்கும், கோடையை ஒட்டித்தான் திறப்பார்கள். திறந்திருக்கும் மாதங்களில் மோட்டார் பைக்குகளும் கார்களும் நெருக்கியடிக்கும். ஆனால் கோடை முடியும் சமயத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் மோட்டார் வாகனங்களை நிறுத்தி, சாலையைச் சைக்கிளுக்கு மட்டும் விடுகிறார்கள். போக வாய்ப்புள்ளவர்கள் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள். விடியற்காலையில் தொடங்குங்கள், சிறிய கியரை வெட்கப்படாமல் போடுங்கள், இறங்குவதற்கென்று காற்றுப் புகாத சட்டை ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.