போனில் தெரியும் தொகை முழுதும் செலவுக்கல்ல

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், டீயை எடுத்துக்கொண்டு கொஞ்சம் உட்காருங்கள். நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக அவர்கள் வங்கிக் கணக்கில் விழுகிறது. கணக்கு தொடங்கும்போது ஆதார், போட்டோ, கையெழுத்து என்று உதவ நாலு பேர் இருக்கிறார்கள். தொடங்கிய கணக்கை நடத்துவது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் யூபிஐயில் பணம் அனுப்புவதும், பேலன்ஸ் பார்ப்பதும். சிக்கல் அந்த பேலன்ஸில்தான் தொடங்குகிறது.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். போன மாத மிச்சம் 1,240 ரூபாய். உதவித்தொகை 1,000. வீட்டிலிருந்து அனுப்பியது 3,000. போனில் 5,240 என்று தெரிகிறது. ஆனால் பத்தாம் தேதி மெஸ் பில் 2,800 கட்ட வேண்டும். இருபதாம் தேதி தேர்வுக் கட்டணம் 650. இருபத்தெட்டாம் தேதி போன் ரீசார்ஜ் 299, அதுவும் ஆட்டோபேயில் தானாகவே போய்விடும். மூன்றும் சேர்ந்து 3,749. மீதி 1,491. அவள் கணக்குக்கு 500 ரூபாய் மினிமம் பேலன்ஸ் என்று வைத்துக்கொண்டால், அவள் கையில் உண்மையாக இருப்பது 991 ரூபாய்தான். வாரத்துக்கு 250கூட இல்லை. 5,240 என்று நினைத்துச் செலவழிப்பவளும் 991 என்று தெரிந்து செலவழிப்பவளும் மாதக் கடைசியில் ஒரே நிலையில் இருக்க மாட்டார்கள்.

இதைக் கற்றுக்கொடுக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, விவரம், வரவு, செலவு, மீதி என்று கட்டம் போடச் சொல்லுங்கள். மாதத் தொடக்கத்திலேயே, கட்டாயம் போகப்போகிற தொகைகளைப் போனதாகவே எழுதிக் கழித்துவிட வேண்டும். முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதன்பின் மீதிக் கட்டத்தில் நிற்கும் தொகைதான் செலவுக்கு.

மாத முடிவில் பாஸ்புக்கைப் பதிந்து வந்து, நோட்டோடு வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் இருப்பதற்கு டிக் அடித்துக்கொண்டே வந்தால், டிக் விழாத வரிகள் சில மிஞ்சும். நோட்டில் மட்டும் இருப்பது பெரும்பாலும் இன்னும் பிடிக்கப்படாத தொகை. பாஸ்புக்கில் மட்டும் இருப்பதைத்தான் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். அது வட்டியாக இருக்கலாம். 2010 ஏப்ரல் முதல் சேமிப்புக் கணக்குக்கு அன்றாட இருப்பை வைத்து வட்டி கணக்கிடுகிறார்கள். ஏடிஎம் கட்டணமாக இருக்கலாம். இலவச எண்ணிக்கை தாண்டினால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையும், அதன்மேல் வரியும் பிடிப்பார்கள். மறந்தே போன ஏதாவது ஒரு செயலிக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும் ஆட்டோபேயாகவும் இருக்கலாம்.

தவறாகவும் இருக்கலாம். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி அதைத் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதி இது. ஆனால் பணம் போனது கண்ணில் பட்டால்தானே கேட்க முடியும்? ஒத்துப் பார்க்கிற பழக்கம் உள்ள பிள்ளை, தேதியும் தொகையும் சொல்லி வங்கி கவுன்டரில் தைரியமாகக் கேட்கும்.

அந்தத் தைரியம் வேறொரு இடத்திலும் காக்கும். "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, பணம் வந்து போகும், உனக்குக் கமிஷன் தருகிறேன்" என்று மாணவர்களிடம் ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்து போவது யாரோ ஏமாந்து இழந்த பணம். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். தன் கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் தானே பதில் சொல்ல வேண்டும் என்று பழகியவர், அதை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். பணத்தைப் பெறுவதற்கு யூபிஐ பின் போடத் தேவையே இல்லை என்பதையும், ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல்ல வேண்டும் என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அந்த நோட்டைப் பார்த்து, "இத்தனை ஜூஸ் எதுக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கினால் அடுத்த மாதம் பொய்க்கணக்குதான் வரும். என்ன வாங்கினார்கள் என்பது இங்கே பாடமல்ல. எழுதியதும் பாஸ்புக்கும் ஒத்துப்போகிறதா என்பதே பாடம். முதல் இரண்டு மூன்று மாதம் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு விலகிவிடுங்கள்.

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. முதலாண்டு மாணவர்களுக்குத் தொடக்க வாரத்தில் எத்தனையோ அறிமுகக் கூட்டங்கள் நடத்துகிறார்கள். அவற்றில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஆளுக்கொரு மாதிரி பாஸ்புக் பக்கத்தைக் கொடுத்து, வேண்டுமென்றே ஒரு தவறை அதில் வைத்து, கண்டுபிடிக்கச் சொல்லலாம். நாளைக்குச் சம்பளமும் வாடகையும் கடன் தவணையும் வரும்போது தொகைதான் பெரிதாகும். கூட்டிக் கழித்து ஒத்துப் பார்க்கும் வேலை அப்போதும் இதேதான். ஆயிரம் ரூபாயில் பழகிக்கொள்வதுதான் எல்லோருக்கும் மலிவு.