கை வரையட்டும்... காது கேட்கலாமா?

தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் அதியமான்கோட்டை. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், விதானத்தில் ராமாயண, மகாபாரதக் காட்சிகள் ஓவியங்களாக விரிகின்றன. அவற்றைத் தீட்டியவர்களில் எத்தனை பேர் ஏட்டைப் புரட்டியிருப்பார்கள்? காதால் கேட்ட கதையைத்தான் பெரும்பாலோர் வரைந்திருக்க வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என இன்றைக்கும் காது வழியே கதை வாங்கும் மண் இது.

இப்போது அந்தக் காதில் இயர்போன். ‘படம் போடுகிறாயா, பாட்டுக் கேட்கிறாயா?’ என்று அம்மாக்கள் கோபிக்கிறார்கள். சில பிள்ளைகள் கேட்பது பாட்டு அல்ல, பாட்காஸ்ட். அதுவும் அனிமேஷன் பற்றியது.

1956-ல் டிஸ்னி ஓவியர் கிளேர் வீக்ஸ் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து, ராம் மோகன் உள்ளிட்ட இளைஞர்களுக்கு நேரிலேயே கற்றுக்கொடுத்தார். அரூரிலோ பென்னாகரத்திலோ இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை கிடைப்பது கஷ்டம். ஆனால், டிஸ்னி அனிமேட்டர் கிளே கேடிஸ் 2005-ல் தொடங்கிய ‘தி அனிமேஷன் பாட்காஸ்ட்’ கிடைக்கும். கிளென் கீன், ஆண்ட்ரியாஸ் டேஜா போன்ற ஜாம்பவான்கள் தங்கள் தொழிலைப் பற்றி அதில் சாவகாசமாகப் பேசுகிறார்கள். ஆங்கிலம் முதலில் பாதிதான் புரியும். கேட்கக் கேட்க ‘டைமிங்’, ‘ஸ்டோரிபோர்டு’ எல்லாம் வீட்டுச் சொல்லாகிவிடும்.

சரி, வரைந்துகொண்டே கேட்கலாமா?

கூடவே கூடாது என்றவர் சாதாரண ஆள் இல்லை. ‘தி ஜங்கிள் புக்’ (1967) படத்தின் ஷேர்கான் புலிக்கு உயிர் கொடுத்த மில்ட் கால். வேலை செய்யும்போது இசை கேட்பீர்களா என்று ரிச்சர்ட் வில்லியம்ஸ் ஒருமுறை அவரிடம் கேட்டுவிட்டார். கால் எரிந்து விழுந்தார்: ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை யோசிக்கிற அளவுக்குத் தனக்கு மூளை கிடையாதாம்! வில்லியம்ஸ் 2001-ல் எழுதிய ‘தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்’ புத்தகத்தில், ஹெட்போனைக் கழற்று என்பதுதான் முதல் பாடமே.

மறுபக்கமும் உண்டு. உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 40 பேருக்கு ஒரு சலிப்பூட்டும் போன் செய்தியைப் போட்டுக் காட்டினார்கள். சும்மா கேட்டவர்களைவிட, காகிதத்தில் இருந்த கட்டங்களை நிரப்பிக்கொண்டே கேட்டவர்கள் 29 சதவிகிதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். கவனியுங்கள், அவர்கள் செய்தது கட்டம் நிரப்பும் வேலை. புலியின் முகபாவத்தை யோசிக்கும் வேலை அல்ல.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனமாகப் போட்டாலும் ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள். இதில் யோசனை கேட்கும் படங்கள் கொஞ்சம்தான். எந்த நிலையில் நிற்க வேண்டும், கண் எங்கே பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்கும்போது அறை நிசப்தமாக இருப்பதே நல்லது. கோட்டைச் சுத்தமாக்கும்போதும், வண்ணம் நிரப்பும்போதும் காதுக்கு வேலையில்லை. அப்போது கிளென் கீன் தாராளமாகப் பேசலாம்.

பாத்திரம் வாய் திறந்து பேசும் காட்சி என்றால் மறுபடி ‘பாஸ்’ பட்டன்தான். பெரிய படங்களில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் உதட்டசைவை வரைகிறார்கள். அந்த நேரத்தில் காது முழுக்க அந்த ஒரு வசனத்துக்கே சொந்தம்.

கோபிக்கும் அம்மாக்களுக்கு ஒரு யோசனை. இன்றைக்கு என்ன கேட்டாய் என்று இரவுச் சாப்பாட்டின்போது விசாரியுங்கள். பிள்ளை கோவையாகச் சொன்னால், இயர்போன் இருந்துவிட்டுப் போகட்டும்.