கோடைத் திருவிழாவில் குழந்தையின் பங்கு

தமிழ்நாட்டில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடப்படும் காலம், ஆண்டின் மிகக் கடுமையான வெயில் காலமாகவும், ஊருக்கு ஊர் சித்திரை, வைகாசித் திருவிழாக்கள் நடக்கும் காலமாகவும் ஒருங்கே அமைந்துள்ளது. கதிரவன் பரணி நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணியின் முதற்பாதம் வரை செல்லும் நாட்களைப் பஞ்சாங்கம் அக்னி நட்சத்திரம் என்று குறிக்கிறது. மக்கள் வழக்கில் கத்திரி வெயில் எனப்படும் இந்நாட்கள் மே 4ஆம் தேதி அளவில் தொடங்கி அம்மாதத்தின் இறுதியில் முடிகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள குடும்பம், உறவினர் வீடு, குலதெய்வக் கோயில், தேரோட்டம், மலையூர் என்று தன் பயணங்களையெல்லாம் இந்தக் குறுகிய காலத்திற்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் காணவிரும்புவதைக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு சென்று காண்பதே பயணம் என்று ஆகிவிட்ட இன்றைய நிலையில், தமிழர் திருவிழாக்கள் குழந்தைக்கென்று தனியே ஒரு பங்கை, அதன் கைக்கும் காலுக்கும் ஏற்ற அளவில், நெடுங்காலமாகவே வைத்திருக்கின்றன என்பதை நினைவூட்டுவது தேவையாகிறது.

ஏப்ரல் 14ஆம் தேதியை ஒட்டி வரும் சித்திரை முதல் நாளிலேயே இதைக் காணலாம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொங்குப் பகுதியிலும் முதல்நாள் இரவே ஒரு தட்டில் மா, பலா, வாழை ஆகிய முக்கனிகளையும் பூ, நகை, நாணயம் ஆகியவற்றையும் பரப்பி, ஒரு கண்ணாடியின் முன் வைத்துவிடுகிறார்கள். விடியலில் எழுந்தவுடன் முதலில் இதைக் காண்பதே கனி காணுதல் எனப்படுகிறது. கண்ணைப் பொத்தியபடி குழந்தையை நடத்திச் சென்று, தட்டின் முன் நிறுத்திக் கையை எடுத்ததும், கனிகளுக்கு நடுவே தன் முகத்தையே அது கண்ணாடியில் காண்கிறது. பிறகு பெரியவர்கள் கையில் நாணயம் கொடுக்கிறார்கள். மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடியைக் குழந்தை முகஞ்சுளித்துத் துப்பினாலும் குற்றமில்லை. நாவில் வைத்ததே போதும். வீட்டை விட்டு வெளியே போகாமல், கால் மணி நேரத்திற்குள், குழந்தையையே நடுவில் வைத்து முடிந்துவிடும் இத்தகைய கொண்டாட்டம் சிறு குழந்தைக்கு எவ்வளவு பொருத்தமானது என்பது, வெளியூர்ப் பயணங்களைத் திட்டமிடும்போது மறந்துபோகிறது.

வெளியே செல்வதாயின், வெயில் குழந்தையின் உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவர்களுடையதைவிட மிகுதி. ஆகவே சுற்றுப்புறம் தோலைவிடச் சூடாக இருக்கும்போது அது வெப்பத்தை விரைந்து உள்வாங்குகிறது. வியர்வை சுரந்து ஆவியாகி உடலைக் குளிர்விக்கும் ஆற்றலும் குழந்தைக்குக் குறைவு. தாகத்தைச் சொல்லத் தெரியாத வயதில், சிறுநீர் குறைந்து மஞ்சளாதல், உதடு உலர்தல், அழும்போது கண்ணீர் வராமை, சோர்ந்து கிடத்தல் ஆகியவையே நீர் இழப்பின் அறிகுறிகள். உடல் கொதித்து, குழந்தை தன்னினைவு தடுமாறினால், ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கோடையிலும் தாய்ப்பாலே போதும், அடிக்கடி கொடுத்தால் சரி. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு இளநீர், நீர்மோர், தோல் நீக்கிய இளநுங்கு ஆகியவை ஏற்றவை. சாலையோரப் பானங்களில் போடப்படும் பனிக்கட்டி எந்த நீரில் உறைந்தது என்று தெரியாதாகையால் அதைத் தவிர்ப்பது நல்லது. நிறுத்திவைத்த காருக்குள் சிறிது நேரமும் குழந்தையைத் தனியே விடக்கூடாது. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை நிழலிலேயே இருக்குமாறு பயணத்தை அமைத்துக்கொண்டால் திருவிழாவில் இழப்பது அதிகமில்லை. பெரும்பாலான கோயில்களில் சுவாமி வீதியுலா காலையிலும் இரவிலுமே நடைபெறுகிறது.

மதுரைச் சித்திரைத் திருவிழாவைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் பெருங்கூட்டத்தின் அச்சமும் குழந்தைக்குரிய இன்பமும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. மீனாட்சியம்மனின் பட்டாபிஷேகம், திக்விசயம், திருக்கல்யாணம், மாசி வீதிகளில் தேரோட்டம் ஆகியவை முடிய, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து, சித்திரை முழுநிலவு நாளின் விடியலில் வைகையாற்றில் இறங்குகிறார். வெவ்வேறு காலங்களில் நடந்துவந்த சைவ, வைணவ விழாக்கள் இரண்டையும் இணைத்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்கவே அழகர் வருகிறார் என்பது கோயில் மரபு கூறும் காரணம். தங்கையின் திருமணத்திற்குச் சீர்வரிசையோடு புறப்பட்ட அண்ணன், தான் வருவதற்குள் தாலி கட்டி முடிந்ததை அறிந்து, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது மக்கள் சொல்லும் கதை. வரலாற்று நோக்கில் எது எவ்வாறாயினும், மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தக்கது இரண்டாவதே: கோபித்துக்கொண்ட அண்ணனைக் குழந்தைக்கு உடனே புரியும்.

அதே நாயக்கர் காலத்தில் மதுரையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ், விழாவின் தலைவியையே குழந்தையாக வைத்துப் பாடுகிறது. கடவுளையோ பெரியோரையோ குழந்தையாகப் பாவித்து, அதன் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம். குப்புறக் கிடக்கும் குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. உட்கார்ந்து இரு கைகளையும் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகை. நிலவை விளையாட வருமாறு அழைப்பது அம்புலி. இப்பகுப்பு பாட்டுக்காக அமைந்ததாயினும், எந்த வயதுக் குழந்தைக்குத் திருவிழாவில் எது ஏற்கும் என்று முடிவு செய்வதற்கும் இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை என்றே சொல்லலாம். சப்பாணிப் பருவக் குழந்தைக்கு வைகைக்கரை தேவையில்லை. தொலைவில் கேட்கும் மேளத்திற்குக் கைகொட்டுவதே அதன் திருவிழா. அம்புலிப் பருவக் குழந்தைக்கு அழகர் இறங்கும் நாளின் முழுநிலவையே மொட்டை மாடியிலிருந்து காட்டலாம். நடக்கவும் ஓடவும் தொடங்கிய குழந்தைதான் வீதிக்கு ஏற்றது. அதற்கு அழகர் வேடமிட்டு, கையில் சிறிய துருத்தியையோ செம்பையோ கொடுத்து, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவோரின் வரிசையில் சற்று ஒதுங்கி நிறுத்தலாம். உயரழுத்தக் குழாய்களால் நீரைப் பாய்ச்சுவோரின் பக்கம் மட்டும் குழந்தையைக் கொண்டு செல்லக்கூடாது.

ஆற்றில் இறங்கும் அந்த விடியற்காலை நேரத்தைச் சிறு குழந்தையுடன் செல்வோர் தவிர்த்துவிடுவதே முறை. 2022ஆம் ஆண்டு அந்நேரத்தின் நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். அழகரோ அந்த ஒரு கணத்தில் மட்டும் காட்சி தந்து மறைபவர் அல்லர். வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில், அதாவது ஒவ்வொரு சமூகத்தாரும் குடும்பத்தாரும் சுவாமியை நிறுத்தி வழிபாடு செய்யும் மண்டபங்களிலும் பந்தல்களிலும், நின்று நின்றே செல்கிறார். ஊரின் வெளிப்புறத்தில் உள்ள ஒரு மண்டகப்படியின் அருகில் நிழல் பார்த்து அமர்ந்தால், நீர்மோரும் பானகமும் பனையோலை விசிறியும் வாங்கிக்கொண்டு, குழந்தையின் கண்மட்டத்திலேயே அழகரைக் காட்டலாம். குழந்தையின் மணிக்கட்டில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவதும், காணாமற்போனால் எங்கே நிற்க வேண்டும் என்று பெரிய குழந்தைக்கு முன்பே சொல்லிவைப்பதும் எளிய பாதுகாப்புகள். ஜவ்வு மிட்டாய்க்காரர் இழுத்துச் சுற்றி மணிக்கட்டில் கட்டிவிடும் கடிகாரமும், ஓலைக் கிலுகிலுப்பையும், காகிதக் காற்றாடியும், மரச் சொப்பும் விற்கும் கடைகளில் குழந்தை எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறதோ அவ்வளவு நேரம் நிற்கவிட வேண்டும். சுவாமியைப் பார்க்க வந்த இடத்தில் பொம்மைக் கடையிலேயே நிற்கிறதே என்று கடிந்துகொள்வது, அதற்கென்று வைக்கப்பட்ட பங்கைப் பறிப்பதாகும்.

குலதெய்வக் கோயில் பயணத்தில் குழந்தையின் இடம் இன்னும் வெளிப்படையானது. வெளியூர்களில் பிழைக்கும் உறவினர் அனைவரும் ஒன்றுகூடும் காலம் கோடை விடுமுறையாதலால், முடியிறக்குதலும் காதுகுத்தும் பெரும்பாலும் அப்போதே வைக்கப்படுகின்றன. தாய்மாமன் சீர் கொண்டுவந்து, தன் மடியில் குழந்தையை இருத்திக்கொள்ளும் அந்தச் சடங்கில், அழுகை ஒரு குறையாகக் கருதப்படுவதே இல்லை. அழும் குழந்தையைச் சிரிக்கவைப்பது மாமனின் கடமையாகவே எண்ணப்படுகிறது. புதிய கத்தியும் தூய்மையான ஊசியும் வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் கூடாது. மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசுவது குளிர்ச்சி தருமேயன்றி வெயிலைத் தடுக்காது. எனவே மெல்லிய பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

மலையூர்ப் பயணம் வெயிலுக்கு மாற்றாகச் சொல்லப்படுகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், 1848இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் மே மாதம் நடைபெறும் மலர்க் கண்காட்சி புகழ்பெற்றது. ஆனால் குழந்தைக்கு மலரைவிட மலை ரயிலே பெரிது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் செல்லும் இந்தப் பாதையின் செங்குத்தான பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பற்றிப்பற்றி ஏறுகிறது. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகுமாதலால், மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையுடன் குன்னூருக்கும் உதகைக்கும் இடைப்பட்ட குறுகிய தொலைவு மட்டும் செல்வதே அறிவுடைமை.

இவ்வளவு முயன்று அழைத்துச் சென்றாலும் குழந்தைக்கு இதெல்லாம் நினைவிருக்குமா என்ற கேள்வி எழாமலிருப்பதில்லை. ஏறத்தாழ மூன்று வயதுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகள் வளர்ந்தபின் நினைவில் நிற்பதில்லை. உளவியலார் இதைக் குழந்தைப்பருவ மறதி என்பர். எனினும், 1991இல் அமெரிக்க உளவியலாளர்கள் நினா ஹாமண்டும் ராபின் ஃபைவுஷும் வெளியிட்ட ஆய்வில், மூன்று, நான்கு வயதில் டிஸ்னி வேர்ல்டுக்குச் சென்றுவந்த குழந்தைகள், ஒன்றரை ஆண்டு கழித்துக் கேட்டபோதும் அப்பயணத்தைப் பற்றி நிறையச் சொன்னார்கள். குடும்பத்தாரோடு அதைப் பற்றி அடிக்கடி பேசிய குழந்தைகளுக்கு நினைவு மிகுதியாக இருந்தது. பயணத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் கைபேசியிலேயே கிடக்க, அவற்றைக் குழந்தையை மடியில் வைத்துக் காட்டி, அன்று என்ன நடந்தது என்று அதையே சொல்லவைக்க நேரமில்லாத குடும்பங்கள் பெருகிவருவது வருந்தத்தக்கது. திருவிழாவில் செலவிட்ட நேரத்தைவிட, பாட்டியும் தாத்தாவும் அதைத் திரும்பத் திரும்பக் கதையாகச் சொல்லும் நேரமே நினைவை வளர்க்கிறது.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்துவிட்டாலும், காவிரிக்கரைக் குடும்பங்களுக்குக் கோடை முடிவதாகக் கொள்ளத்தக்கது ஆடி 18 அன்றுதான். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட, 120 அடி நீர்மட்டம் கொண்ட மேட்டூர் அணை, இருப்பு போதுமானதாக இருந்தால் ஜூன் 12ஆம் தேதி பாசனத்திற்குத் திறக்கப்படுவது வழக்கம். தென்மேற்குப் பருவமழையால் பெருகிய புதுநீரை வரவேற்று, ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் தேதியில் வரும் ஆடிப்பெருக்கன்று திருவரங்கத்து அம்மா மண்டபம், திருவையாறு, கும்பகோணம் ஆகிய படித்துறைகளில் பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சளும் பூவும் படைத்து, மஞ்சள் கயிறு அணிந்து, முளைப்பாரியை நீரில் விடுகிறார்கள். புளியோதரையும் தேங்காய்ச்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் அமர்ந்து உண்பது பெரியவர்களின் பங்கு. சிறுவர்களின் பங்கு சப்பரம் இழுப்பது. மரத்தால் செய்த சிறிய தேருக்கு வண்ணக் காகிதம் ஒட்டி, நடுவே ஒரு சுவாமி படத்தை வைத்து, கயிறு கட்டித் தெருவில் இழுத்துச் செல்லும் இவ்வழக்கம் காவிரிப் படுகையில் இன்றும் இருக்கிறது. உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, உலர்த்திய தானியத்தைத் தின்னவரும் கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து தடுப்பதைக் காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்திற்குச் சான்றாகக் காட்டுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பருவங்களுள் ஒன்றும் சிறுதேர் உருட்டுவதே. இரண்டுக்கும் இன்றைய சப்பரத்திற்கும் இடையே நேர்த்தொடர்ச்சியை நிறுவுவது ஆய்வாளர் வேலை. சிறுவர்கள் தேருருட்டி மகிழ்ந்த வழக்கம் அந்த ஆற்றங்கரைக்கு மிகப் பழையது என்பதில் ஐயமில்லை.

சப்பரத்தைக் கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்வது எளிது. ஒரு முழ நீளப் பலகையும், சிறிய சக்கரங்களும், நான்கு மூங்கிற்குச்சிகளும், பசையும் காகிதமும் இருந்தால் போதும். ஆணி அடிப்பதைப் பெரியவர் செய்ய, காகிதம் ஒட்டுவதையும் பூச்சுற்றுவதையும் மூன்று வயதுக் குழந்தையிடமே விட்டுவிடலாம். கோணலாக ஒட்டியதைத் திருத்தாமல் விடவேண்டும். கயிறு குழந்தையின் கால்களில் சுற்றிக்கொள்ளாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். இழுக்கும் இடம் வாகனம் வராத தெருவாக இருக்க வேண்டும். புதுநீர் வரும்போது படித்துறையில் பாசி வழுக்கும், இழுப்பும் மிகும் என்பதால் குழந்தையைப் படியிறக்காமல், மேற்படியிலேயே நிறுத்தி, செம்பில் மொண்டுவந்த ஆற்றுநீரைத் தலையில் தெளிப்பது பல குடும்பங்களின் வழக்கம். காவிரியில் நீர் வராத ஆண்டுகளிலும் சப்பரம் இழுப்பதற்கு எந்தத் தடையும் இருப்பதில்லை. அது தெருவில் ஓடுவது.